செருப்பைக் கடிக்கும் குட்டிக்குக் கசப்பைப் பழக்கும் முறை

ஆம்பூரில் வாங்கிய தோல் செருப்பின் வார், வாங்கிய பதினோராம் நாள் காலையில், வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டு வாசற்படியில் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. நான்காவது துண்டு எங்கே போயிற்று என்று நான் தேடிக்கொண்டிருக்க, அந்த வேலையைச் செய்த ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டி வாலை ஆட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அந்தத் துண்டு தானாகவே வெளியே வந்துவிட்டது எங்கள் நல்ல நேரம். விழுங்கிய தோலோ துணியோ குடலில் சிக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

செருப்பு போன அன்று மாலையே, குட்டி கடிக்கிற பொருள்களின் மேல் தெளிக்கும் கசப்பு ஸ்பிரே ஒன்றைச் செல்லப்பிராணிகளுக்கான கடையில் வாங்கி வந்தேன். முதல் நாள் அடித்தேன், இரண்டாம் நாள் மறந்தேன், மூன்றாம் நாள் அடித்தேன், நான்காம் நாள் வெளியூர் போய்விட்டேன். ஐந்தாம் நாள் வீட்டுக்காரியின் செருப்பும் போயிற்று. பாட்டிலில் வெறும் தண்ணீரைத்தான் அடைத்து விற்கிறார்கள் என்று நான் புலம்பியதைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மா சிரித்துவிட்டார். "புள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலை அரைச்சுத் தடவுறதில்லையா தம்பி, அதே கணக்குதான் இதுவும். ஒரு நாள் தடவி ஒரு நாள் விட்டா, விட்ட அன்னிக்குப் பால் இனிக்குமேன்னு புள்ள தினமும் வந்து பார்க்கும்" என்றார். இந்த முறையில் தோற்றுப்போகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான் என்பதைப் பிற்பாடு என் அனுபவத்திலேயே தெரிந்துகொண்டேன்.

கசப்பை அடிக்கத் தொடங்கும் முன், குட்டி ஏன் கடிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அந்த இடைப்பட்ட காலத்தில் ஈறு குறுகுறுப்பதால் குட்டி எதையாவது கடித்தே தீரும். அதை முழுவதுமாக நிறுத்த யாராலும் முடியாது, எதைக் கடிப்பது என்பதை மாற்றத்தான் முடியும். பல் முளைத்து முடிந்த நாயும் கடிக்கிறது என்றால், நாள் முழுவதும் கட்டிப்போட்டதால் வந்த சலிப்பா, வீட்டார் வெளியே போனதும் பிடிக்கும் பயமா, அரைவயிற்றுப் பசியா என்று யோசிக்க வேண்டும். மண், கல், சுவரின் சுண்ணாம்பு ஆகியவற்றைத் தின்கிற நாயைக் கசப்பால் திருத்தப் பார்க்காமல், குடற்புழுவோ சத்துக்குறைவோ இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை.

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று இந்த வட்டாரம் முழுவதும் தோல் தொழில் நடக்கிற ஊர்கள் என்பதால், மற்ற ஊர்களில் ரப்பர் செருப்பு கிடக்கிற வாசலில் இங்கே தோல் செருப்பு கிடக்கிறது. பதனிட்ட தோல் விறைத்துப் போகாமல் இருப்பதற்காக அதில் எண்ணெய் ஏற்றுவார்கள். அதற்கு மீன் எண்ணெயும் பயன்படுவதுண்டு. நம் மூக்குக்குப் புதுச்செருப்பு வாசனையாகத் தெரிவது, நாயின் மூக்குக்குச் சாப்பாடாகவே தெரிகிறது. போதாக்குறைக்கு நம் காலின் வியர்வையும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே குட்டி செருப்பைத் தேடிப் போவதில் அதன் குற்றம் குறைவு. அதன் எட்டும் தூரத்தில் கழற்றிப் போட்ட நம் குற்றம்தான் அதிகம்.

கடைகளில் விற்கும் ஸ்பிரேக்கள் பலவற்றில் கசப்பைத் தருவது டெனட்டோனியம் பென்சோயேட் என்ற பொருள். இதை யாரும் கசப்புக்காகத் தேடிப் போகவில்லை. 1958-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து மருந்து நிறுவனம் ஒன்று, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தை ஒட்டிய ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது தற்செயலாக இது கைக்குக் கிடைத்தது. இன்றுவரை அறியப்பட்ட பொருள்களில் மிகக் கசப்பானது இதுதான் என்கிறார்கள். ஒரு லட்சம் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்தாலே பெரும்பாலான மனிதர்களால் அதை வாயில் வைத்திருக்க முடியாது. யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலைச் சாராயத்தில் கலப்பதும், நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கான நகப்பூச்சில் சேர்ப்பதும் இதைத்தான். வேறு சில ஸ்பிரேக்களில் சுக்ரோஸ் ஆக்டா அசிடேட் இருக்கும். சர்க்கரையிலிருந்து செய்யப்படுகிற பொருள் இவ்வளவு கசப்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாகவே இருக்கிறது. எதை வாங்கினாலும் நாய்க்கா பூனைக்கா என்று லேபிளில் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் கரைத்ததும் ஆல்கஹாலில் கரைத்ததும் கிடைக்கும்; வார்னிஷ் அடித்த தேக்குக் கட்டில், மெருகேற்றிய தோல் சோஃபா ஆகியவற்றுக்குத் தண்ணீரில் கரைத்ததே நல்லது, ஏனெனில் ஆல்கஹால் மெருகைக் கெடுத்துவிடும். நகப்பூச்சில் இருப்பதும் இதே கசப்புதானே என்று அதை வாங்கித் தடவ வேண்டாம். அதில் உள்ள கரைப்பான்கள் குட்டியின் வயிற்றுக்கு ஆகாதவை.

கடைச் சரக்கு வேண்டாம் என்பவர்கள் நிலவேம்பைப் பயன்படுத்தலாம். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது 'நிலவேம்புப் பொடி' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறுமனே நிலவேம்பு என்றால், காய்ச்சல் காலத்தில் எல்லோரும் வாங்கிப் பழகிய நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் சுக்கும் மிளகும் சந்தனமும் உட்பட ஒன்பது சரக்குகள் கலந்திருக்கும் என்பதால், நமக்கு வேண்டாத காரமும் சேர்ந்துவிடும். இரண்டு தேக்கரண்டிப் பொடியை 200 மில்லி லிட்டர் தண்ணீரில் போட்டு, அது பாதியாகச் சுண்டும்வரை சிறுதீயில் கொதிக்கவைத்து, ஆறியபின் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து இருமுறை வடிகட்ட வேண்டும். ஒருமுறை வடிகட்டினால் போதாதா என்று நினைத்து நான் விட்டதில், அடியில் தங்கிய நுண்ணிய பொடி பாட்டிலின் முனையை அடைத்துக்கொண்டு, கடைசியில் ஊசியால் குத்தித்தான் எடுக்க நேர்ந்தது. இந்தச் சாற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் புளித்து வாடை அடிக்கும். பழுப்புக் கறை பிடிக்கும் என்பதால் வெள்ளை மெத்தை உறைக்கும் வெளிர்நிறத் தோலுக்கும் இது ஆகாது. கட்டில் கால், கதவு நிலை, கயிற்றுக் கட்டிலின் கயிறு, வாசற் கால்மிதி ஆகியவற்றுக்குப் பொருந்தும். சினையாக இருக்கும் நாயோ பூனையோ உள்ள வீட்டில் நிலவேம்பைத் தவிர்த்துவிடுங்கள்.

கசப்பவை எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் தவறினால் செருப்போடு குட்டியும் போய்விடும். 'எட்டிக்காயாய்க் கசக்கிறது' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும் எட்டியின் விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஒரு காலத்தில் தெருநாய்களைக் கொல்லவே அதைப் பயன்படுத்தினார்கள். யாராவது பெரியவர் அதை உரசித் தடவச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிட வேண்டும். சோற்றுக் கற்றாழையை ஒடித்தால் தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள் பாலும் நன்றாகக் கசக்கும், ஆனால் அது நாய்க்கும் பூனைக்கும் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வேப்பெண்ணெயை வெளிப்புறக் கதவின் அடியில் மெல்லியதாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். நக்கி வயிற்றுக்குள் போகிற அளவுக்குப் பூசுவதும், பூனை உள்ள வீட்டில் பூசுவதும் சரியல்ல.

மிளகாய்த்தூள் கரைசலைப் பலரும் சொல்வார்கள். மிளகாயில் இருப்பது சுவையே அன்று, வலி. குட்டி அதை நக்கியபின் முன்னங்காலால் முகத்தைத் துடைக்க, எரிச்சல் கண்ணுக்குப் போய்விடும். எதனால் எரிகிறது என்றே அதற்குப் புரியாது. ஃபினாயில், நாப்தலின் உருண்டை, கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலம், தேயிலை மரத் தைலம், ஆரஞ்சு எலுமிச்சைத் தோலின் எண்ணெய் ஆகியவற்றில் எதுவும் வேண்டாம். குறிப்பாகப் பூனையின் ஈரலால் ஃபீனால் வகைப் பொருள்களைச் சரிவர முறித்து வெளியேற்ற முடியாது. அதோடு, உடலில் எது ஒட்டினாலும் அதை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி அது. தரையில் தெளித்த ஃபினாயில் பாதத்தில் ஒட்டி, பாதத்திலிருந்து வாய்க்குப் போய்விடும்.

பொருள் தயாரானபின் முதல் பாடம் செருப்பில் தொடங்கக் கூடாது, பஞ்சில் தொடங்க வேண்டும். குட்டி அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, சிறு பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, முதலில் அதன் மூக்கருகே காட்டி முகரவைத்து, பிறகு உதட்டின் உட்புறம் மெல்ல வைக்க வேண்டும்; அது துப்பும்வரை பஞ்சின் மறுநுனியைக் கையிலேயே பிடித்திருந்தால் விழுங்கிவிடாது. எங்கள் குட்டி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தலையை உதறியது, நாக்கை மடித்து மடித்து வெளியே தள்ளியது, தரையில் மோவாயைத் தேய்த்தது, கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஓடியது. இதன் பயன் என்னவென்றால், அந்த வாடை வந்தால் அந்தக் கசப்பு பின்னால் வரும் என்பதை அது ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறது; அதன் பிறகு செருப்பை முகர்ந்த அளவிலேயே விலகிவிடுகிறது. பஞ்சை வைத்தபின் எந்த மாற்றமும் காட்டாமல் உதட்டை நக்கிக்கொண்டு நிற்கும் நாய்களும் இருக்கின்றன. அப்படியானால் அந்தச் சரக்கு அந்த நாய்க்கு உதவாது. வீடு முழுக்க அடித்துப் பணத்தை வீணாக்காமல் வேறொன்றை மாற்றிப் பார்க்கலாம். பூனைக்கு இந்தப் பாடமே வேண்டாம். இனிப்பு தெரியாவிட்டாலும் கசப்பைப் பூனை நன்றாகவே உணரும். வாயில் பட்டதும் நுரை தள்ளிப் பார்ப்பவரைப் பயமுறுத்திவிடும். தற்செயலாக அப்படி நேர்ந்தால், தண்ணீரோ பிடித்த உணவோ கொடுத்துச் சற்றுப் பொறுங்கள், அடங்கிவிடும். அடங்காமல் நுரை தொடர்ந்தாலோ, வாந்தியோ தள்ளாட்டமோ வந்தாலோ, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்தது தெளிப்பு. முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சிறிது அடித்து ஒரு நாள் விட்டு, கறையோ வெளுப்போ இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், குட்டியை வேறு அறையில் விட்டுவிட்டு, அது கடிக்கும் எல்லாப் பொருள்களின் மேலும் ஒரே நாளில் அடிக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு மட்டும் அடித்தால் அது அடுத்த ஜோடிக்குப் போகும், அவ்வளவுதான். அடித்தது காயும்வரை காத்திருந்து பிறகு குட்டியை உள்ளே விடலாம். இதைத் தினமும், ஒரு நாளும் தவறாமல், இரண்டிலிருந்து நான்கு வாரம் செய்ய வேண்டும். வாசலில் இருக்கும் பொருளுக்கு நம் ஊரில் இன்னும் கவனம் தேவை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயில் நேரே விழுகிற செருப்பு ஸ்டாண்டில், காலையில் அடித்தது மாலைக்குள் பொருக்குத் தட்டி, காலடி பட்டதும் உதிர்ந்துவிடுகிறது. ஆகையால் வெயில் காலத்தில் காலை, மாலை இருவேளையும் அடித்தேன். மழையில் நனைந்தால் உடனே மறுபடியும் அடிக்க வேண்டும். ஒருமுறை கசந்து ஒருமுறை கசக்காமல் இருந்தால், குட்டி கற்றுக்கொள்வது 'கடிக்கக் கூடாது' என்பதை அன்று. 'விடாமல் முயன்றால் ஒரு நாள் கிடைக்கும்' என்பதைத்தான். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரின் மனநிலை அதற்கும் வந்துவிடும்.

கசப்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லும், வேண்டியதைக் காட்டாது. அதை நாம்தான் காட்ட வேண்டும். தெளித்த செருப்பிலிருந்து இரண்டடி தூரத்திலேயே கடிக்கத் தகுந்த ஒன்றைப் போட்டுவைத்து, அது செருப்பை விட்டு அதன் பக்கம் திரும்பிய அந்தக் கணத்தில் பாராட்ட வேண்டும். பல் முளைக்கும் குட்டிக்கு, சுத்தமான பருத்தித் துணியை நனைத்து முறுக்கி முடிச்சுப் போட்டு ஃபிரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் ஈறு குளிர்ந்து இதமாக இருக்கும். நூல் பிரிந்து விழுங்கிவிடாமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். குளிரவைத்த முழுக் கேரட்டும், நாய்க்கென்று விற்கும் கெட்டியான ரப்பர் பொம்மையும் நல்லவை. பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தொடாதே என்றால் எந்த நாய்க்கும் விளங்காது. தோல் ஆலையில் வேலை செய்யும் உறவினர் அன்போடு கொண்டுவரும் துண்டுத் தோலும் அப்படித்தான். பதனிடும்போது சேர்ந்த குரோமிய உப்பும் மற்ற இரசாயனங்களும் அதில் இருக்கும், தோல் தின்பண்டம் என்ற பாடமும் குட்டிக்குப் பதிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சிய எலும்பையும் போட வேண்டாம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

தெளிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. ரிமோட்டின் ஓரத்தைக் குட்டி கடிக்கிறது என்று ஒரு நாள் காலை அதிலும் அடித்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். முதல் விள்ளல் கசந்தது. தேங்காய்ச் சட்னி கெட்டுவிட்டதோ என்று கேட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்தேன், டம்ளரின் விளிம்பு கசந்தது. வாயைத் துடைத்தேன், அதன்பின் உதடும் கசந்தது. தெளித்து முடித்ததும் சோப்புப் போட்டு இருமுறை கை கழுவ வேண்டும். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. கண்ணில் பட்டால் எரியும், மூச்சில் போனால் இருமல் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையோடு ஒட்டிய பொருள்களுக்கு இந்த முறையே வேண்டாம்.

சார்ஜர் வயர், நீட்டிப்பு வயர் ஆகியவற்றுக்குக் கசப்பை மட்டும் நம்பியிருப்பது தவறு. செருப்பில் கசப்பு தோற்றால் போவது செருப்பு. வயரில் தோற்றால் போவது உயிர். பிளம்பிங் கடையிலோ எலக்ட்ரிக்கல் கடையிலோ கிடைக்கும் பிவிசி குழாயை நீளவாக்கில் கீறி வயரை அதற்குள் செலுத்திவிடலாம், அல்லது சுவரோடு ஒட்டும் கேசிங் பட்டைக்குள் அடைத்துவிடலாம். கசப்பை அந்தக் குழாயின் மேல் அடித்தால் போதும். மின்சாரம் ஓடுகிற வயரின் மேலோ பிளக்கின் மேலோ நேராகத் தெளிக்கவே கூடாது. வயரிலேயே தடவ வேண்டியிருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கசப்பைத் துணியில் நனைத்துத் தடவி, முழுவதும் காய்ந்தபிறகே மீண்டும் மாட்ட வேண்டும்.

காயத்துக்குக் கட்டிய கட்டை நாய் கடித்துப் பிய்த்தால், கட்டின் வெளிப்புறத்தில் மருத்துவரைக் கேட்டபின் அடிக்கலாம். திறந்த புண்ணில் படக் கூடாது; அதற்குக் கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டைதான் சரி. முயல் வளர்ப்பவர்களுக்கு இந்த முறை அதிகம் உதவாது. அதன் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்ப்பதற்குக் காய்ந்த புல்லும் மரக்கட்டையும் கொடுத்தே ஆக வேண்டும். நாய் தனியே விடப்பட்டபோது மட்டும் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, கண்டதையெல்லாம் கடிக்கிறது என்றால் அது பயத்தில் செய்வது; அங்கே கசப்பு அதன் துன்பத்தைக் கூட்டுமே ஒழியக் குறைக்காது.

மூன்று வாரம் தவறாமல் அடித்தபின், கடித்த தடம் எதுவும் புதிதாக இல்லை என்றால், ஒரேயடியாக நிறுத்தாமல் ஒவ்வொரு பொருளாக விட வேண்டும். அது அதிகம் ஆசைப்படாத பொருளில் தொடங்கி, ஒரு வாரம் பார்த்து, தொடவில்லை என்றால் அடுத்ததை விடலாம். தொட்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் மறுபடியும் ஒரு வாரம் அடிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் முதலில் கதவு நிலையையும் பிறகு கால்மிதியையும் விட்டோம். தோல் செருப்பைக் கடைசியில்தான் விட்டோம். ஆறாம் வாரத்து ஒரு மாலையில், எதுவும் தெளிக்காத செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். குட்டி வந்தது, வாரை முகர்ந்தது, தும்மியது, திரும்பிப் போய் முடிச்சுத் துணியைக் கவ்விக்கொண்டு வந்து, அந்தச் செருப்பின் மேலேயே படுத்துக்கொண்டு துணியைக் கடிக்கத் தொடங்கியது.